தோற்றது யாரால்? செட்டிநாட்டுத் தேர்தல் பழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் காலையிலேயே காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதி டீக்கடைகளில் பேச்சு தொடங்கிவிடும். "நம்மாளுகளே காலை வாரிட்டாங்க." வித்தியாசம் ஐம்பதாயிரம் என்றால் இந்தப் பேச்சு ஒரு வாரத்தில் அடங்கும். ஆயிரம், இரண்டாயிரம் என்றால் அடுத்த தேர்தல்வரை ஓடும். கட்சி அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களுக்கு எடுத்துக்கொண்டவை 2024 வரை நடந்த தேர்தல்கள்.

செட்டிநாடு என்று ஒரு தொகுதி இல்லையே, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இல்லைதான். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, திருப்பத்தூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள், புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம். நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும். இவற்றோடு ஆலங்குடி, சிவகங்கை, மானாமதுரை சேர்ந்தால் சிவகங்கை மக்களவைத் தொகுதி. மக்களவைத் தேர்தலுக்கு எண்ணிக்கை காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியில் நடக்கும்.

பழி போடுவதில் ஒரு சிக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது. ஒரே பேச்சு, ஒரே சந்தை, ஒரே சொந்தபந்தம். ஆனால் மாவட்டம் இரண்டு, மாவட்டச் செயலாளர்களும் வேறு வேறு. மக்களவைத் தேர்தலில் தோற்றால் சிவகங்கைக்காரர் திருமயத்தையும் ஆலங்குடியையும் கைகாட்டுவார். புதுக்கோட்டைக்காரர் மானாமதுரையைக் கைகாட்டுவார். யாரும் தன் எல்லைக்குள் தோற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே வராது.

எவ்வளவு குறைந்தால் 'இழுபறி' என்று சொல்லலாம்?

திருமயத்தைப் பாருங்கள். 2016-ல் தி.மு.க.வின் எஸ். ரகுபதி அ.தி.மு.க.வின் பி.கே. வைரமுத்துவை 766 ஓட்டில் வென்றார். 2021-ல் அதே இருவர், அதே முடிவு, வித்தியாசம் 1,382.

இதை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொகுதியில் சுமாராக 300 வாக்குச்சாவடி என்று வைத்துக்கொள்வோம். 766 வித்தியாசத்தைத் திருப்ப 384 பேர் மனம் மாறினால் போதும். அதாவது பூத்துக்கு ஒருவர், சில பூத்தில் இரண்டு பேர். 1,382 என்றால் பூத்துக்கு இரண்டு, மூன்று பேர்.

பூத்துக்கு இரண்டு பேர் என்னும் அளவில் வந்துவிட்டால் எதைக் காரணமாகச் சொன்னாலும் கணக்கு ஒத்துப்போகும். மழை, வேட்பாளரின் வாய்த்துடுக்கு, ரேஷன் கடைத் தகராறு, ஒன்றியச் செயலாளரின் மச்சான் வீட்டு விசேஷம், எல்லாமே 'தீர்மானித்த' காரணம்தான். அதனால்தான் இழுபறித் தோல்விக்குப் பிறகு யார்மேல் பழி விழுகிறது என்பதை வைத்துத் தோல்விக்கான காரணத்தை அறிய முடியாது. அந்தக் கட்சிக்குள் அந்த நேரத்தில் யாருக்கு ஆதரவு குறைவு என்பதை வேண்டுமானால் அறியலாம்.

உள்குத்து நடந்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொஞ்சம் உட்கார்ந்து தாள் புரட்ட வேண்டும். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர் 17சி என்ற படிவத்தை நிரப்பி, அங்கே உள்ள பூத் ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுப்பார். எத்தனை ஓட்டு பதிவானது என்பது அதன் முதல் பகுதி. எண்ணும் நாளில் இரண்டாம் பகுதியில் வேட்பாளர்வாரியாக எண்ணிக்கை ஏறும். அப்புறம் எல்லாச் சாவடிகளையும் சேர்த்து படிவம் 20 தயாராகும். அது பொதுவில் கிடைக்கும், எந்த ஊர் எந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு என்று யாரும் பார்க்கலாம். தபால் ஓட்டு மட்டும் சாவடிவாரியாகப் பிரிந்து வராது.

இந்தத் தாளை முந்தைய சட்டமன்றத் தேர்தலின் தாளோடு பக்கத்தில் வையுங்கள். மக்களவைத் தேர்தலோடு ஒப்பிடக் கூடாது. ஓட்டுப் போடும் மனநிலையே வேறு, கூட்டணியும் வேறு.

திருமயம், அரிமளம், பொன்னமராவதி என்று எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சரிந்திருந்தால் அங்கே உள்குத்துக்கு வேலையில்லை. காற்று எதிராக அடித்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை ஊர்க் கிளைச் செயலாளர்களும் ஒரே அளவில் துரோகம் செய்ய ஏற்பாடு செய்வது, ஜெயிப்பதற்கு ஏற்பாடு செய்வதைவிடக் கஷ்டம்.

ஒரு ஒன்றியத்தில் மட்டும், அதுவும் அங்குள்ள பொறுப்பாளரின் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் சந்தேகப்படலாம். அப்போதும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எதிர்க்கட்சி வேட்பாளர் அந்தப் பக்கத்து ஆளா? அங்கே கண்மாய், கோயில் மரியாதை, சுடுகாட்டுப் பாதை என்று ஏதாவது உள்ளூர்ப் பிரச்சினை ஓடியதா? இந்த இரண்டும் இல்லையென்றால் அந்தப் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பூத் ஏஜெண்டே உட்காராத சாவடிகள் எத்தனை என்று பார்ப்பது இன்னும் எளிய சோதனை. ஆள் போடாமல் விட்டது யார் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. அந்தச் சாவடிகளின் 17சி நகல் கட்சியிடம் இருக்காது.

ஓட்டைப் பிரித்தவர்தானே குற்றவாளி?

காரைக்குடியில் 2021-க்குப் பிறகு அதிகம் கேட்ட கேள்வி இது. காங்கிரஸின் எஸ். மாங்குடி 75,954 ஓட்டு வாங்கினார். அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் எச். ராஜா 54,365. வித்தியாசம் 21,589. மூன்றாவது வந்த, டி.டி.வி. தினகரனின் அ.ம.மு.க. வேட்பாளர் 40,000-க்கு மேல் வாங்கியிருந்தார்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் முதலாவதைத் தாண்டுகிறது. கூட்டிப் பார்த்தவர்கள் உடனே "தினகரன் கட்சியால் போச்சு" என்றார்கள். ஆனால் அந்த 40,000 பேரும் அ.ம.மு.க. சின்னம் இல்லாவிட்டால் தாமரைக்குப் போட்டிருப்பார்கள் என்று யார் சொன்னது? இரட்டை இலை இல்லாத தொகுதியில் இரட்டை இலைக்குப் பழகியவர்கள் வேறு இடம் தேடியதாகவும் அதே எண்ணிக்கையைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் பழி அ.ம.மு.க.விடமிருந்து நகர்ந்து, அந்தச் சீட்டைக் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்தவர்கள்மேல் போய் உட்காரும். எண் ஒன்றுதான், யார் படிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது மாற்றம்.

திருமயத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே 2021-ல் நாம் தமிழர் கட்சி வாங்கிய ஓட்டு வெற்றி வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. ஜெயித்த கட்சிக்காரர் "எங்கள் ஓட்டைத்தான் பிரித்தார்கள், இல்லாவிட்டால் பத்தாயிரத்தில் ஜெயித்திருப்போம்" என்பார். தோற்றவரும் அதே ஓட்டைத் தன்னுடையது என்பார். அந்தச் சின்னத்தில் போட்டவர்களிடம் கேட்டால் இரண்டு பேருக்கும் போடக் கூடாது என்றுதானே போனோம் என்பார்கள்.

கூட்டணி தவறு என்று தோற்ற கட்சித் தலைவர்களே பேசுகிறார்களே?

பேசுவார்கள், அடுத்த தேர்தலில் மாற்றியும் பேசுவார்கள். 2021 தோல்விக்குப் பிறகு அ.தி.மு.க.வின் சி.வி. சண்முகம், பா.ஜ.க.வோடு சேர்ந்ததால் சிறுபான்மையினர் ஓட்டு போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். பா.ஜ.க. தரப்பிலிருந்து பதிலடி வந்தது. கூட்டணி தொடர்கிறது என்று கட்சித் தலைமை விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பரில் கூட்டணி முறிந்தது. 2024-ல் இரண்டும் தனித்தனியாக நின்றன, தமிழகத்தில் ஒரு இடமும் கிடைக்கவில்லை. உடனே அ.தி.மு.க.வின் எஸ்.பி. வேலுமணி, சேர்ந்து நின்றிருந்தால் 30, 35 இடம் பிடித்திருக்கலாம் என்றார். 2025 ஏப்ரலில் கூட்டணி மறுபடி சேர்ந்தது. சேர்ந்ததால் ஒரு தோல்வி, சேராததால் ஒரு தோல்வி.

சரி, நம் தொகுதியில் அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? 2024-ல் சிவகங்கையில் கார்த்தி சிதம்பரம் 4,27,677. அ.தி.மு.க.வின் சேவியர்தாஸ் 2,22,013. பா.ஜ.க. கூட்டணியில் நின்ற தேவநாதன் யாதவ் சுமார் 1,95,800. இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் ஏறக்குறைய 4,17,800 வருகிறது. அப்போதும் பத்தாயிரம் குறைகிறது. சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்ற வாதம் வேறு தொகுதிகளில் நிற்கலாம். இங்கே வெறும் கூட்டலிலேயே நிற்கவில்லை. சேர்ந்தால் வரக்கூடிய உற்சாகம், விலகக்கூடிய ஓட்டு இரண்டையும் யாரும் எண்ண முடியாது என்பது தனி.

கூட்டணிக் கட்சிக்குச் சீட்டு கொடுத்தால் பெரிய கட்சிக்காரர் வேலை செய்யமாட்டார் என்பது உண்மையா?

பாதி உண்மை. ஏன் என்று சொல்கிறேன்.

கிளைச் செயலாளருக்கு எம்.எல்.ஏ. என்றால் ஐந்து வருடக் கதவு. பட்டா மாறுதலுக்கு ஒரு போன், அங்கன்வாடி வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம், தெரு விளக்கு, சிமெண்ட் சாலை. எம்.எல்.ஏ. சொந்தக் கட்சிக்காரர் என்றால் அந்தக் கதவு இவர் மூலமாகத் திறக்கும். கூட்டணிக் கட்சிக்காரர் ஜெயித்தால் அவருடைய கட்சியின் கிளை ஆள் மூலமாகத் திறக்கும். பத்து வருடம் கொடி கட்டியவருக்கு இது உறுத்தும். அடுத்த முறை அந்தச் சீட்டு 'அவர்களுடையது' என்று நிரந்தரமாகிவிடும் என்ற பயமும் உண்டு. காரைக்குடியில் தி.மு.க.வினருக்கும் அ.தி.மு.க.வினருக்கும் இந்த மனக்குறை உள்ளதைப் பேசிப் பார்த்தாலே தெரியும். இரண்டு பக்கமும் இந்தத் தொகுதியைத் தோழமைக் கட்சிக்கு விட்டுக்கொடுத்த வரலாறு உண்டு. 2001-ல் எச். ராஜா இங்கே ஜெயித்தது தி.மு.க. கூட்டணியில், அதுவும் இரண்டாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்.

மீதிப் பாதி: மனக்குறை இருப்பதாலேயே வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. 2016-ல் தி.மு.க. ஆட்சியைத் தவறவிட்டபோது காங்கிரஸுக்கு 41 இடம் கொடுத்ததுதான் காரணம் என்று மாநிலம் முழுக்கப் பேச்சு. காங்கிரஸ் ஜெயித்தது 8 இடம்தான், அதனால் பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது. மாநிலத் தலைவர் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் பதவி விலகினார். ஆனால் அந்த எட்டில் காரைக்குடியும் ஒன்று. கே.ஆர். ராமசாமி ஜெயித்து, சட்டமன்றக் காங்கிரஸ் தலைவராகவும் ஆனார். இந்தத் தொகுதி தி.மு.க.காரர்கள் அந்தப் பழியில் பங்கெடுத்தது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. அடுத்த தேர்தலில் காங்கிரஸுக்கு 25 இடம்தான் கிடைத்தது, 18-ல் ஜெயித்தார்கள்.

வேட்பாளர் சரியில்லை என்று சொல்வது?

இதைவிட எளிதான பழி கிடையாது. 1999-ல் ப. சிதம்பரம் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) சார்பில் சிவகங்கையில் நின்று மூன்றாவது வந்தார். 2004-ல் அதே தொகுதியில் காங்கிரஸ் கூட்டணியில் ஜெயித்தார். கார்த்தி சிதம்பரம் 2014-ல் நான்காவது இடம், டெபாசிட் போனது. ஐந்தே வருடத்தில், 2019-ல், மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வெற்றி. ஆள் அதே ஆள்தான். 2014-ல் காங்கிரஸ் தனியாக நின்றது, 2019-ல் தி.மு.க. கூட இருந்தது.

பிரபலம் ஓட்டாக மாறாது என்பதற்கு இந்த மண்ணிலேயே பழைய உதாரணம் உண்டு. சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் 1957-ல் தி.மு.க. சார்பில் திருக்கோஷ்டியூரில் நின்று தோற்றார். சொந்த ஊர்ப் பக்கம், நாடறிந்த பெயர். போதவில்லை.

செட்டியார் ஓட்டு எந்தப் பக்கம் போனது?

வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள்தான் இதை முதலில் கேட்கிறார்கள். கானாடுகாத்தான் வீட்டுப் படத்தைப் போட்டுத் தேர்தல் செய்தி எழுதினால் அப்படித்தான் தோன்றும். நகரத்தார் எண்ணிக்கையில் சிறிய சமூகம். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கோயில் காரியத்துக்கும் வருவார்கள். தொகுதியைத் தீர்மானிப்பவர்கள் முக்குலத்தோர், வல்லம்பர், முத்தரையர், உடையார், யாதவர், பட்டியல் சமூகத்தினர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று இங்கேயே இருந்து இங்கேயே ஓட்டுப் போடுகிறவர்கள்.

ஆனால் அந்தப் பூட்டிய வீடுகளுக்கு வேறொரு பங்கு உண்டு. பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் வரமாட்டார். "எங்கள் ஓட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்ததால் தோற்றோம்" என்று எல்லாக் கட்சியும் சொல்லிக்கொள்ள வசதி. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கின. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொல்லப்பட்டது. அப்படிப் பெயர் போனால் அந்தச் சாக்கும் போகும். "பெயரை நீக்கிவிட்டார்கள்" என்ற புதுப் பழி அந்த இடத்துக்கு வரும். அதில் சில இடங்களில் நியாயமும் இருக்கும், நீக்கப்பட்டவர் உண்மையிலேயே ஊரில் இருந்தால்.

"பட்டுவாடா சரியாகப் போய்ச் சேரவில்லை, அதனால் தோற்றோம்" என்கிறார்களே?

இதைச் சத்தமாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி அது ஊழல் நடவடிக்கை, நிரூபித்தால் வெற்றியே செல்லாது. பணப் பட்டுவாடாவால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின.

இதெல்லாம் தெரிந்தும் "மேலே இருந்து வந்தது கீழே போய்ச் சேரவில்லை, நடுவில் நின்றுவிட்டது" என்று ஒன்றியச் செயலாளர்மேல் புகார் எழுதித் தலைமைக்கு அனுப்புகிறார்கள். புகார் எழுதியவர் தன் கட்சி குற்றம் செய்யத் திட்டமிட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அதைவிட, சாப்பிட்டவர்மேல் வரும் கோபம் கொடுக்க நினைத்தவர்மேல் வருவதில்லை. நான் இதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்த பணத்தை வாங்கிவிட்டு வேறு சின்னத்தில் போடுவது எப்படி என்று நம் ஊர்ப் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும்.

இயந்திரத்தில் கோளாறு?

ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கல் முறையில் 5 சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை (யாருக்கு ஓட்டு பதிவானது என்று காட்டும் தாள்கள்) எண்ணி ஒத்துப் பார்க்கிறார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழியும் கொடுத்தது. இரண்டாவது, மூன்றாவது வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் எழுதிக் கொடுத்து, செலவைக் கட்டினால், 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கச் சொல்லலாம். முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பும். ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்காதவர் எட்டாவது நாளிலிருந்து மேடையில் பேசுவதை நான் கேட்டுக்கொள்வதில்லை.

மறு எண்ணிக்கை கேட்டிருக்கலாமே?

கேட்கலாம், ஆனால் நேரம் மிகக் குறைவு. மொத்த எண்ணிக்கையைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவித்த பிறகு, வெற்றி பெற்றவர் இன்னார் என்று முறைப்படி அறிவிக்கும் முன்பு, எழுத்தில், காரணத்தோடு கேட்க வேண்டும். அந்த இடைவெளியில் வேட்பாளரோ முகவரோ மனம் உடைந்து வெளியே போயிருந்தால் கதை முடிந்தது.

குறைந்த வித்தியாசத்தில் பெரும்பாலும் தகராறு தபால் ஓட்டில்தான் வரும். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து இல்லை, சான்றொப்பம் சரியில்லை என்று தள்ளப்படும் உறைகள் இருக்கும். வெற்றி வித்தியாசம் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளைவிடக் குறைவு என்றால் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று இப்போது விதி. இந்த விஷயத்தின் முழு வலியும் தெரிய ராதாபுரத்தைப் பார்க்க வேண்டும். 2016-ல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2019 அக்டோபரில் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. அப்பாவு அதே தொகுதியில் மறுபடி நின்று ஜெயித்து சபாநாயகரானார்.

தென்காசியில் நேர்மாறு. 2021-ல் 370 வித்தியாசம், 2023-ல் தபால் ஓட்டை மறுபடி எண்ணினார்கள், ஜெயித்தவரே ஜெயித்தார்.

இரண்டு பேருக்கும் சமமாக வந்தால்?

குலுக்கல். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகச் சேர்ந்ததாகக் கொள்வார்கள்.

வழக்குப் போட்டால் என்ன ஆகும்?

முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயலத்தான் சொல்கிறது.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் வழக்கு 2009 சிவகங்கை மக்களவைத் தேர்தலுடையது. ப. சிதம்பரம் 3,34,348, அ.தி.மு.க.வின் ராஜகண்ணப்பன் 3,30,994. வித்தியாசம் 3,354. எண்ணிக்கை நாளில் யார் முன்னிலை என்று மாறி மாறிச் செய்தி வந்ததால் ஊரில் வதந்தி பறந்தது. ராஜகண்ணப்பன் எண்ணிக்கையில் முறைகேடு என்று தேர்தல் மனு போட்டார். 2012 ஜூனில், தேர்தல் நடந்து மூன்று வருடம் கழித்து, உயர் நீதிமன்றம் சில குற்றச்சாட்டுகளை நீக்கிவிட்டு மற்றவற்றின்மேல் விசாரணை தொடரும் என்று உத்தரவிட்டது. மத்திய உள்துறை அமைச்சர் ஒருவர் தன் வெற்றிக்காக நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது என்பதால் அது தேசியச் செய்தி ஆனது. அந்தத் தேர்தலில் தே.மு.தி.க. சுமார் 60,000 ஓட்டு வாங்கியிருந்தது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. பேசினால் 'முறைகேடு' என்ற கதையின் சூடு குறையும்.

ஒன்றியச் செயலாளரை நீக்குகிறார்கள், மாவட்டச் செயலாளரை ஏன் தொடுவதில்லை?

அறிக்கையைத் தயாரிப்பவர் மாவட்டச் செயலாளர். தோல்விக்கு யார் காரணம் என்று தலைமை அவரிடம்தான் கேட்கும். அவர் தன் பெயரை எழுதப்போவதில்லை.

அந்த நீக்கல் அறிவிப்பின் வாசகம் எல்லாக் கட்சிக்கும் ஒன்றுதான்: கட்டுப்பாட்டை மீறி, அவப்பெயர் ஏற்படுத்தும் வகையில் நடந்துகொண்டதால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கம். எந்தச் சாவடியில், எத்தனை ஓட்டு, என்ன ஆதாரம் என்று ஒரு வரி இருக்காது. இருந்தால் அதை வைத்து எதிர்க்கேள்வி கேட்கலாமே.

மொடக்குறிச்சியில் 2021-ல் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 281 ஓட்டில் பா.ஜ.க.விடம் தோற்றார். கட்சியின் துணைப் பொதுச்செயலாளர், முன்னாள் மத்திய இணை அமைச்சர். அவ்வளவு பெரிய இடத்திலிருந்தவருக்கே, உள்ளூரில் வேலை செய்யவில்லை என்ற புகார் தீராமல் இழுத்து, 2022-ல் கட்சியை விட்டே விலகினார். திருமயத்து வட்டாரக் கிளைச் செயலாளரின் புகாருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெயித்த கட்சியிலும் சண்டை வருகிறதே, ஏன்?

குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தால் பூத்துக்கு இரண்டு ஓட்டு வாங்கிக் கொடுத்த ஒவ்வொருவரும் "என்னால்தான்" என்பார். எல்லோரும் கணக்குப்படி சரிதான். வாரியத் தலைவர் பதவியும் டெண்டரும் அத்தனை இருக்காது.

நீக்கப்பட்டவர்கள் என்ன ஆவார்கள்?

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது வருத்தக் கடிதம் கொடுத்துவிட்டுச் சேர்ந்துகொள்வார்கள், அல்லது எதிர்ப்பக்கம் போய் அங்கே சால்வை வாங்கிக்கொள்வார்கள். மேல்மட்டத்திலும் அதுதான் நடப்பு. 1991–96 அ.தி.மு.க. ஆட்சியில் ராஜகண்ணப்பனும் ரகுபதியும் அமைச்சர்கள். 2021 தி.மு.க. ஆட்சியிலும் இருவரும் அமைச்சர்கள். ராஜகண்ணப்பன் இடையில் தனிக் கட்சி நடத்தினார், 2006-ல் தி.மு.க. சார்பில் இளையான்குடியில் ஜெயித்தார், 2009-ல் அ.தி.மு.க. சார்பில் சிதம்பரத்தை எதிர்த்தார், 2020-ல் மறுபடி தி.மு.க.வுக்கு வந்தார். 2009-ல் அவருக்காகச் சிவகங்கையில் பூத்தில் உட்கார்ந்து, தோல்விக்குப் பிறகு உள்குத்துப் பட்டம் வாங்கிய தொண்டர் யாராவது இருந்தால், அவர்மேல் போட்ட பழியை எந்தக் கட்சி அலுவலகத்தில் போய்த் திரும்பப் பெறுவது என்று எனக்குத் தெரியவில்லை.